கடல் கடந்த சொல்லும் படி கடவாத கையும்

உலக மொழிகளுக்குத் தமிழ் ஈந்த சொற்கள் பல. அவற்றை எண்ணிச் சொல்லி மகிழ்வது நம் மேடைகளின் வழக்கம். கறி என்ற சொல்லை ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டான். கஞ்சி என்ற சொல்லை எடுத்துக்கொண்டான். கட்டுமரத்தையும் சுருட்டையும் கூட அவன் விட்டுவைக்கவில்லை! சொல்லச் சொல்லக் கைதட்டல் எழுகிறது; தோள்கள் பூரிக்கின்றன. மொழிப்பற்று குற்றமன்று. தாழ்ந்து கிடந்த ஓர் இனம் தலைநிமிர்ந்து நிற்க அது ஊன்றுகோலாயிற்று என்பதை மறுப்பவன் வரலாறு அறியாதவன்.

ஆயினும், கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஒரு சொல் கடல் கடந்து சென்று அயலார் அகராதியில் அமர்ந்தால், அந்தப் பெருமை யாரைச் சேரும்? மொழியையா? அம்மொழியைப் பேசுவோர் அனைவரையுமா? அல்லது, அந்தச் சொல்லைத் தன் கையால் ஆக்கிய பண்டத்தோடு சேர்த்து அயலான் முன் வைத்தானே, அந்த மனிதனையா? அவனுக்கு உரியதை அவனுக்குத் தராமல், அவன் ஈட்டிய புகழை மட்டும் நாம் பங்கிட்டுக்கொள்வது முறைதானா?

இலக்கண ஆசிரியரைக் கேட்டு விடை பெறக்கூடிய வினா அன்று இது. நெஞ்சைக் கேட்டு விடை காண வேண்டிய வினா.

தண்ணீர் அன்று, தண்ணி!

விளக்கத்திற்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கில அகராதிகளில் 'மல்லிகடானி' என்றொரு சொல் உண்டு. மல்லிகைக்கும் அதற்கும் உறவில்லை. காரம் சேர்ந்த ஒருவகைச் சூப்பின் பெயர் அது. ஆங்கில உடையைக் களைந்து பார்த்தால் உள்ளே நிற்பது நம் மிளகுத் தண்ணி!

இச்சொல்லின் வயது சிறியதன்று. 1784-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆங்கிலப் பாட்டில் இது இடம் பெற்றிருக்கிறது. மைசூர்ப் படையிடம் சிக்கிப் பெங்களூர்ச் சிறையில் வாடிய ஆங்கிலக் கடற்படையாள் ஒருவன், தனக்குக் கிடைத்த உணவை எண்ணி நொந்து பாடிய பாட்டு அது. மிளகுத் தண்ணியும் கஞ்சியும் அந்த ஒரே பாட்டில் இணைந்து வருகின்றன. பின்னர், யூல் என்பவரும் தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவரும் சேர்ந்து தொகுத்து, 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் சொற்களஞ்சியம், இச்சொல்லுக்கு நேரே தமிழ் மூலத்தைக் குறித்தது. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரிகளுக்கே 'மல்' என்ற பட்டப்பெயர் வழங்கியதையும், அது இந்தச் சூப்பின் பெயரைச் சுருக்கி இட்ட பெயர் என்பதையும் அந்நூல் கூறுகிறது. படைமுகாமின் சிறைக்கொட்டடிக்குக் 'கஞ்சி வீடு' என்று பெயர் இருந்தது என்பதும் அதில் உண்டு. ஆள வந்தவனுக்கு அடைபெயர் தந்தது மிளகுத் தண்ணி; அவனுடைய சிறைக்குப் பெயர் தந்தது கஞ்சி!

மிளகுத் தண்ணி சூப்பானது எப்படி? ஆங்கிலேயன் விருந்தில் முதலில் வருவது சூப்பு. நம் உணவு முறையில் அப்படித் தனியே முன்னால் வருவது ஒன்றுமில்லை. மிளகையும் சீரகத்தையும் தட்டிப் புளிக்கரைசலில் கொதிக்க வைத்த சாற்றை நாம் சோற்றில் ஊற்றி உண்கிறோம். உடல் நலிந்தால் குடிக்கிறோம். துரை சூப்புக் கேட்டான். சமையற்காரன் தனக்குத் தெரிந்த சாற்றை எடுத்தான், அதில் இறைச்சி வேகவைத்த நீரைச் சேர்த்தான், வெங்காயத்தைத் தாளித்தான், துரையின் நாவுக்கு ஏற்பக் காரத்தைக் குறைத்தான். புதிய பண்டம் ஒன்று பிறந்தது! அது சென்னையிலிருந்து இலண்டனுக்குச் சென்றது. பின்னர்த் தகரக் குவளைகளில் அடைபட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. 1963-இல் செருமானியத் தொலைக்காட்சி பதிவு செய்த ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்று, ஆண்டுதோறும் திசம்பர் 31-ஆம் நாள் அந்நாட்டில் ஒளிபரப்பாகி வருகிறது. அந்நாடகத்தின் விருந்தில் முதலில் பரிமாறப்படுவது இந்த மிளகுத் தண்ணிதான். புத்தாண்டு பிறக்கும் இரவில், தமிழ் அறியாத நாட்டில் ஒரு தமிழ்ச்சொல் ஒலிக்கிறது. மகிழ்ச்சிதான். யார் இல்லை என்றது?

ஆனால் அச்சொல்லின் வாலைக் கவனியுங்கள். ஆங்கிலேயன் காதில் விழுந்தது 'தண்ணீர்' அன்று, 'தண்ணி'! புலவர் ஒருவர் அச்சொல்லைக் கொடுத்திருந்தால் 'மிளகு நீர்' என்று கொடுத்திருப்பார். பண்டிதர் கொடுத்திருந்தால் வல்லெழுத்து மிகுமா மிகாதா என்று ஒரு நாழிகை வாதிட்டிருப்பார். கொடுத்தவர் அவர்களில் எவரும் அல்லர். ஏட்டுத் தமிழ் அறியாத, வீட்டுத் தமிழ் பேசிய, அடுப்பு ஊதிய ஒருவன் வாயிலிருந்து பிறந்த சொல் அது. அவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. அவன் உச்சரிப்பு மட்டும் ஆங்கில அகராதியில் அச்சாகி நிற்கிறது.

சங்க காலத்திலும் நம் மிளகு கடல் கடந்தது. முசிறித் துறைக்கு யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. அப்பாட்டில் மிளகின் பெயர் 'கறி'. அந்தக் கறிக்குச் சான்று புலவரின் ஏடு. இந்தத் தண்ணிக்குச் சான்று அடுப்படிப் பேச்சு. ஏட்டுச் சான்றைப் போற்றும் நாம் அடுப்படிச் சான்றைப் பேணவில்லை. பேணாதது மட்டுமா? நம் வீட்டிலும் உணவகத்திலும் அது 'ரசம்' என்ற வடசொல்லாக மாறிவிட்டது. அயலான் அகராதியில் மிளகுத் தண்ணி; நம் உணவகப் பலகையில் ரசம்!

அடுப்படியில் நின்றவன் யார்?

நான் வாழும் கோலியனூர், புதுச்சேரிக்கும் பண்ருட்டிக்கும் வழி பிரியும் கூட்டுச்சாலை ஊர். கிழக்கே சென்றால், 1674 முதல் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த புதுச்சேரி. தென்கிழக்கே சென்றால், 1690-இல் ஆங்கிலேயர் கோட்டை வாங்கிய கடலூர். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, இக்கடற்கரையில் ஆங்கிலேயருக்குத் தலைநகராய் நின்றது அந்தக் கடலூர்க் கோட்டைதான். துரைமார் வந்தால் துரைமாருக்குச் சமையல் வேண்டும். சமைக்க யார் போனார்கள்?

சாதி உயர்ந்தது என்று சொல்லிக்கொண்டவர் போகவில்லை. துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1792-இல் இந்நாட்டிற்கு வந்து முப்பதாண்டுக்கும் மேல் தங்கியவர். அவர் எழுதி வைத்த நூலில் இதற்கு விடை இருக்கிறது. மாட்டிறைச்சியைத் தொட நேரும் என்பதால் மற்றச் சாதியார் எவரும் ஐரோப்பியருக்குச் சமைக்க இசைவதில்லை. ஆகவே பறையர் எனப்பட்ட மக்களையே அவர்கள் வேலைக்கு அமர்த்திக்கொள்ள நேர்ந்தது என்று அவர் குறிக்கிறார். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாது என்று விலக்கப்பட்டவன், அக்கிரகாரத்துத் தெருவில் நடக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவன், துரையின் அடுப்படிக்குச் சென்றான். உலகம் சுவைத்த மிளகுத் தண்ணி இத்தகைய கைகளில் கொதித்தது.

துரை அவனைப் போற்றினானா? அதுவும் இல்லை. துரை அவன் சமையலை உண்டான். அவனை மேசையில் அமர்த்தவில்லை. 1878-இல் கென்னி-எர்பர்ட் என்ற ஆங்கிலப் படை அதிகாரி சென்னைச் சமையலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மிளகும் தண்ணியும் சேர்ந்த சொல் இது என்று அவர் விளக்கினார், செய்முறையையும் விரித்துரைத்தார். ஆனால் அந்நூல் முழுதும் சமையற்காரனுக்கு ஒரே பெயர்தான்: 'ராமசாமி'! எந்த வீட்டுச் சமையற்காரனாயினும் ராமசாமி; எந்த ஊரானாயினும் ராமசாமி. ஆயிரம் மனிதரை ஒரு பெயருக்குள் அடைத்து, ஒருவருக்கும் முகம் இல்லாமல் செய்துவிட்டான் வெள்ளையன். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1879-இல், ஈரோட்டில் ஒரு ராமசாமி பிறந்தார். முகம் இழந்த ராமசாமிகளுக்கெல்லாம் தன்மானம் என்ற முகத்தை மீட்டுத் தரும் பணியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார் அவர். வரலாறு சில வேளைகளில் இப்படியும் விடை கூறுகிறது!

அந்த அடுப்படி தந்தது சாறு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதர் ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் பட்லராகப் பணியாற்றியவர். அவர் தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை ஆரிங்டனிடம் தந்தார். ஆரிங்டன் வழியே அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது. யார் இந்த எல்லிஸ்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு தனிக் குடும்பம், வடமொழியின் கிளைகள் அல்ல என்பதை, கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவருவதற்கு நாற்பதாண்டுகட்கு முன்பே, 1816-இல் எடுத்துக்காட்டிய அறிஞர். குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதத் தொடங்கியவர்.

எண்ணிப் பாருங்கள்! திராவிட மொழிக் குடும்பம் என்று நாம் இன்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோமே, அந்த உண்மையை முதலில் எடுத்துக்காட்டியவன் கையில் வள்ளுவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, பரிமாறும் தட்டை ஏந்திய ஒரு கை! எந்த மக்களுக்கு எழுத்தறிவு ஆகாது என்று நூல் எழுதி வைத்தார்களோ, அந்த மக்களின் வீட்டுப் பரணில் குறள் இருந்தது. கந்தப்பனுக்கு நாம் என்ன சிலை வைத்தோம்? எந்த மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினோம்?

அதே கப்பலில் இன்னொரு சொல்

மிளகுத் தண்ணி ஆங்கிலக் கப்பலேறிய காலத்துக்கு முன்பே இன்னொரு தமிழ்ச் சொல்லும் கப்பலேறிவிட்டது. உணவுப் பண்டத்தின் பெயரன்று அது. ஒரு மக்களின் பெயர். பறை அறைந்தவர் என்னும் பொருளில் வழங்கிய பெயரை ஆங்கிலேயர் 'பரையா' என்று எடுத்துச் சென்றனர். பதினேழாம் நூற்றாண்டிலேயே அது ஆங்கில ஏடுகளில் நுழைந்தது. நாளடைவில் அச்சொல், எந்த நாட்டானாயினும் சமுதாயத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்று பொருள்படலாயிற்று. உலக நாடுகள் தள்ளிவைத்த நாட்டைக் குறிக்க, இன்றும் ஆங்கில நாளேடுகள் அச்சொல்லைக் கூசாமல் எழுதுகின்றன.

இச்சொல்லையும் நம் மேடையில் எண்ணிச் சொல்வோமா? "பாரீர்! ஒதுக்கப்பட்டவன் என்பதற்கு உலகுக்கே சொல் தந்தவர் நாம்" என்று முழங்குவோமா? முழங்க மாட்டோம், நாக்கு எழாது. கறிக்குக் கைதட்டும் நாம் இதற்குத் தலைகுனிகிறோம். ஆனால் இரண்டு சொற்களும் சென்றது ஒரே ஊரிலிருந்து. சாற்றைக் காய்ச்சியவனைத்தான் சமுதாயம் அந்த மற்றப் பெயரிட்டு அழைத்தது. அவன் கைப்பண்டத்தின் பெயரைப் பெருமைக் கணக்கில் எழுதிக்கொண்டு, அவன் பட்ட இழிவின் பெயரை எவர் கணக்கிலும் எழுதாமல் விட்டுவிட்டோம். இந்தக் கணக்கு நேர்மையானதா?

அம்மக்கள் அந்தப் பெயரைத் துறந்து, ஆதிதிராவிடர் என்ற பெயரை எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922-இல் அரசு ஏடுகளில் ஏற்றினர். அரசு ஏடு மாறிற்று. ஆங்கில அகராதி மாறவில்லை. நம் ஊர்த் தெருவின் நாக்கோ, மாறியும் மாறாமல் இருக்கிறது.

தண்ணீருக்கும் சாதி

மிளகுத் தண்ணியில் இருப்பவை இரண்டு: மிளகும் தண்ணீரும். மிளகுக்குச் சாதி பார்த்தவர் எவரும் இல்லை. அது பணம் தரும் பண்டம். யவனன் வாங்கினாலும் சரி, பறங்கி வாங்கினாலும் சரி. சாதி பார்க்கப்பட்டது தண்ணீருக்கு!

சேரன்மாதேவிக் குருகுலத்தின் கதையை நம் இயக்கத்தார் மறக்க மாட்டார்கள். நாட்டு விடுதலைக்குத் தொண்டர்களை ஆக்கித் தருவதற்கென்று வ.வே.சு. அய்யர் நடத்திய அந்நிலையத்தில், பார்ப்பன மாணவர்க்குத் தனிப் பந்தியும் மற்றவர்க்கு வேறு பந்தியும் இருந்தன. பார்ப்பன மாணவர்க்கென வைத்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்ததற்காக ஒரு சிறுவன் தண்டிக்கப்பட்டான் என்றும், அவன் நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் என்றும் இயக்க ஏடுகள் எழுதி வந்திருக்கின்றன. அந்த ராமசாமி ரெட்டியாரே 1947-இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். மாகாணத்தை ஆளத் தகுதி பெற்றவரின் பிள்ளைக்கு ஒரு பானைத் தண்ணீரைத் தொடத் தகுதியில்லை! தனிப் பந்தியை எதிர்த்து 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுந்த புயல், தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பிற்று. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறிய பெரியார், மீண்டும் காங்கிரசுக்குள் நுழையவில்லை.

அதன் பின்னரும் எத்தனை கிளர்ச்சி! புகைவண்டி நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனர்க்கென்று இருந்த தனியிடம், பெரியாரின் விடா முயற்சியால் 1941-இல் ஒழிந்தது. உணவகப் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க, 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் மறியல் நடந்தது. ஒரு சொல்லுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அன்று கேலி பேசினர். அந்தச் சொல் வெறும் எழுத்தன்று; சமைப்பவன் பிறப்பைச் சொல்லி உண்பவனுக்கு உறுதி கூறும் முத்திரை! சொல்லுக்குள் சாதி குடியிருக்கும் என்பதை அறிந்துதான் அந்தப் பலகையைக் குறிவைத்தார் கிழவர்.

இதுவரை சொன்னதைக் கேட்டு முகம் மலர்ந்த நண்பர்களே, இனிச் சொல்வதையும் கேட்க வேண்டுகிறேன். அந்தக் கிளர்ச்சிகளால் பயன் பெற்றவர் யார்? நாம், பார்ப்பனரல்லாதார் என்ற பெரும்பரப்பில் நடுவிலும் மேலும் நிற்கும் சாதியார். நமக்கு மறுக்கப்பட்ட பானை நம் கைக்கு வந்தது. வந்த பானையை நாம் யாருக்கு நீட்டினோம்? நமக்கு மேலே இருந்தவன் நம்மை விலக்கியபோது அது கொடுமை என்றோம். நமக்குக் கீழே என்று நாம் கருதியவனை விலக்கியபோது அது ஊர்க் கட்டுப்பாடு என்றோம்!

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? நம் விழுப்புரம் நகரிலேயே 1978 சூலையில் தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் கொலையுண்டனர். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததால் எழுந்த பூசலில், 2023 சூனில் அக்கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. உயர்நீதிமன்ற ஆணைக்குப் பின்னரே 2024-இல் மீண்டும் திறந்தது. கோயில் நமக்குக் கொள்கையளவில் தொலைவான பொருள் என்று கூறுவோருக்கு, அடுப்படியிலிருந்தே சான்று தருகிறேன். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பகுதியில் ஒரு பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த பெண் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதற்காக அவர் சமைக்கக் கூடாதென்று பெற்றோர் தடுத்தனர். 2023-இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் காலை உணவு சமைத்த பெண்ணுக்கும் அதே இழிவு. மாவட்ட ஆட்சியரே நேரில் செல்ல வேண்டியதாயிற்று.

நீதிக்கட்சியினர் 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவைத் தொடங்கினர். 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் அது சத்துணவாயிற்று. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. நூறாண்டு வரலாறு! இந்தியாவே வியந்து பார்க்கும் திட்டம்! அந்தத் தட்டில் சோறு இடும் கையைப் பார்த்து, "எந்தச் சாதி?" என்று கேட்கிறான் தமிழன். இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் துபுவா கண்ட அதே கை, அதே கேள்வி!

மறுப்புரைகள்

"சொல்லாராய்ச்சிக்குள் சாதியை ஏன் இழுக்கிறாய்?" என்று சிலர் கேட்பர். நான் இழுக்கவில்லை, அது முன்பே அங்கே இருக்கிறது. ஒரு சொல் எவர் வாயிலிருந்து எவர் காதுக்குச் சென்றது என்று கேட்காத சொல்லாராய்ச்சி, வேரைப் பாராமல் இலையை எண்ணுவது போன்றது. மிளகுத் தண்ணி 'தண்ணி'யாகச் சென்றதன் காரணத்தை, அடுப்படியில் நின்ற மனிதனை விட்டுவிட்டு எந்த இலக்கண நூற்பாவால் விளக்க முடியும்?

"அவன் தமிழன், நாமும் தமிழர்; அவன் பெருமை நம் பெருமை அன்றோ?" என்று வேறு சிலர் கேட்பர். நல்ல கேள்வி, மனம் உவந்து ஏற்கத்தக்க கேள்வி. ஒரு குடும்பத்தில் ஒருவன் பரிசு பெற்றால் எல்லோரும் மகிழ்வது இயல்பு. ஆனால் ஒரு குடும்பம் என்றால் ஒரு பந்தி வேண்டும். அண்ணனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவன் வாங்கிய பரிசை மட்டும் கூடத்தில் மாட்டி வைத்துக்கொள்ளும் வீட்டைக் குடும்பம் என்று யார் சொல்வார்? அவனை உள்ளே அழையுங்கள்; பிறகு பரிசு எல்லோருக்கும் பொது.

"கடன் கொடுத்தோம் என்ற பெருமையாவது மிஞ்சட்டுமே" என்பர் இன்னும் சிலர். கொடுத்தவர் நாம் மட்டும் அல்லர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காரக் காயை நாம் மிளகோடு ஒப்பிட்டு மிளகாய் என்றோம்; இன்று அது இல்லாமல் நமக்குக் குழம்பில்லை. பண்ருட்டியை வாழவைக்கும் முந்திரி, பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொணர்ந்த மரம். அயல்நாட்டுக் காய்க்கும் கொட்டைக்கும் நம் அடுப்படியில் இடம் கொடுத்தோம். எந்தக் கடல் தாண்டி வந்தது, யார் தொட்டது என்று கேட்கவில்லை. காய்க்குக் கேட்காத கேள்வியை மனிதனுக்குக் கேட்கிறோம்! மேலும், அரிசியிலிருந்துதான் ஆங்கிலச் சொல் பிறந்தது என்பது போல, அறிஞரிடையே இன்னும் முடிவாகாதவற்றையும் அடித்துச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். உண்மையான பெருமைக்கு உயர்த்திக் கூறல் தேவையில்லை. மிளகுத் தண்ணி ஒன்றே போதும், தமிழன் கைமணத்துக்குச் சான்று கூற. ஆனால் அந்தக் கை யாருடைய கை என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

பெருமை ஒரு கடன்

முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுதான்: சொல் எல்லோருக்கும் பொது, அதன் பெருமை கடனாக வருவது. அந்தக் கடனைத் தீர்ப்பவனுக்கே பெருமைப்பட உரிமை உண்டு. தீர்க்காமல் பெருமை பேசுவது, பிறன் உழைப்பை உண்டு ஏப்பம் விடுவதாகும்.

கடனை எப்படித் தீர்ப்பது? விழா வேண்டாம், வளைவு வேண்டாம், வெடி வேண்டாம். தமிழாசிரியர்கள் இச்சொல்லை வகுப்பில் கூறும்போது, அதைக் கொதிக்க வைத்தவனின் நிலையையும் கூறட்டும். குறள் அச்சேறிய வரலாற்றைப் பேசுவோர் கந்தப்பன் பெயரையும் பேசட்டும். தேநீர்க் கடையில் தனிக்குவளை இருக்குமாயின், அக்கடையில் குடிப்பதில்லை என்று இளைஞர்கள் உறுதி கொள்ளட்டும். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடையையும் உணவகத்தையும் கிணற்றையும் குளத்தையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. சட்டம் கடையின் கதவைத் திறக்கும். வீட்டின் கதவை வீட்டுக்காரன்தான் திறக்க வேண்டும். சுயமரியாதை மாநாடுகளில் சமபந்தி விருந்து வைத்தார்களே, அது மாநாட்டுப் பந்தலோடு முடிந்துவிட வேண்டிய நிகழ்ச்சியா? திருமண வீட்டில், இழவு வீட்டில், பொங்கல் நாளில், நம் வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டியது அது.

பள்ளியில் பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நிற்பதை நாள்தோறும் காண்பவன் நான். பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பசியும் மணமும். யார் கை சமைத்தது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் யாரேனும் கற்றுக்கொடுத்தால் ஒழிய. கற்றுக்கொடுக்காதிருப்பதற்குப் பணம் செலவாகாது, படிப்பும் தேவையில்லை.

ஆகவே நண்பர்களே, கறியும் கஞ்சியும் மிளகுத் தண்ணியும் கடல் கடந்த கதையை இனி எவரேனும் உங்களிடம் சொல்லி மகிழ்ந்தால், மகிழ்ச்சியில் பங்கு கொள்ளுங்கள். பங்கு கொண்டபின் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, அந்தச் சாற்றைக் காய்ச்சியவனுடைய பேரப்பிள்ளை நம் ஊரில் இருக்கிறான். இன்று இரவு அவன் வீட்டில் நாம் உண்போமா?" உண்போம் என்று அவர் எழுந்தால், அவர் பேசிய பெருமை அவருக்கு உரியது. தயங்கினால், தமிழின் பெருமையைத் தாங்கும் தகுதி அவருக்கு இன்னும் வரவில்லை!